காமன் கூத்தும் பந்தி வரிசையும்

மாசி அமாவாசையை அடுத்து மலைநாட்டுத் தோட்டங்களில் காமன் ஊன்றப்படுகிறது. இக்கூத்தைப் பற்றி எழுதப் புகுவோர் உடனே புராணத்துக்குள் நுழைந்துவிடுகின்றனர்: சிவனின் தவம், மதன் எய்த மலர்க்கணை, நெற்றிக்கண், சாம்பல். நாம் சோற்றிலிருந்து தொடங்க விரும்புகிறோம்.

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓர் ஆண்டு இக்கூத்தை விடிய விடிய இருந்து பார்த்தோம். அதற்கு முந்திய நாள்களில் ரதியும் மதனும் வேடத்தோடு லயம் லயமாக வந்து ஆடினர். வாசலில் ஆரத்தி எடுத்து, காசோ அரிசியோ இயன்றதைக் கொடுத்தனர் மக்கள். அவ்வரிசியே கடைசி இரவில் பொதுப்பானையில் வெந்தது. தம்மை வாசலில் வரவேற்ற அயலாருக்கு ஆடியவர்கள் செலுத்தும் நன்றிதான் அந்த இரவும் அந்த விருந்தும். அவ்வாண்டு ரதிக்குக் காப்புக் கட்டியவர், நோயிலிருந்து மீண்ட தம் பிள்ளைக்காக நேர்ந்துகொண்டவர். கொட்டும் மழையில் அப்பிள்ளையைச் சுமந்து வீதிக்குக் கொண்டு சேர்த்தவர்கள் மேல்லயத்து இளைஞர்கள். தெய்வத்துக்கு நேர்ந்த கடனும் அயலாருக்குப் பட்ட கடனும் அந்த ஒரே ஆட்டத்தில் தீர்ந்தன.

ஆட்டத்தில் குறைகள் இல்லாமலில்லை. வீரபத்திரன் வரவு அளவுக்கு மீறி நீண்டது. இடையே புகுந்த சினிமா மெட்டை மாஸ்டர் தவிர்த்திருக்கலாம். ஆயின் மதன் எரிந்த பின் எழுந்த ரதியின் புலம்பல் அக்குறைகளையெல்லாம் மறக்கச் செய்தது. பெண்ணின் துயரை ஓர் ஆண் நடிக்க, பெண்கள் பந்திக்குக் காய் நறுக்கியபடியே அதைக் கேட்டிருந்தனர். கணவரைப் பறிகொடுத்தும் மறுவாரமே கொழுந்துக் கூடை தூக்கியவர்கள் அவர்களுள் இருந்தார்கள். நறுக்கிய கை நின்றதை நாம் கண்டோம். இதைவிடப் பெரிய பாராட்டு எந்த நடிகனுக்குக் கிடைக்கும்?

அப்புலம்பலைத் தாங்கி நின்றது தப்பு. ஒரு காலத்தில் விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு விரட்டிய அதே தப்பு, இங்கே அவர்களுக்காக அழுதது. அன்று தப்படித்தவர்களின் விரல்கள் குளிரில் வெடித்திருந்தன.

பந்தி விரிந்தபோது அவர்களுக்கு இலை தனியே, அடுப்பங்கரை ஓரமாகப் போடப்பட்டது. யாரும் அதட்டவில்லை, யாரும் விலக்கவுமில்லை. அவர்களே போய் அங்கு அமர்ந்தார்கள். நாமும் நம் இலையின் முன் அமர்ந்து, ஒன்றும் பேசாமல் உண்டு முடித்தோம்.

மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை இம்மக்களின் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார். பாட்டைத் தொகுக்க ஆள் இருந்தது. பந்தியைப் பற்றி எழுத நம்மவர் பலர் துணியவில்லை. ஓர அடுப்பின் அருகே அமர்ந்தவனின் அடவையும் தாளத்தையும் மட்டும் போற்றிவிட்டுப் போவது விமர்சனமாகாது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை மறுக்கப்பட்டு, நாட்டின் சபைகளில் இடமிழந்த மக்களுக்கு இந்தக் காமன் பொட்டலே ஒரு சபையாக இருந்தது. அச்சபையில் யாருக்கு எங்கே இலை என்பது சிறிய கேள்வியன்று.

அடுத்த மாசிக்கு வேடம் பிரிக்குமுன் பந்தியைப் பற்றிப் பேச வேண்டுமென்று விழாக் குழுவினரைக் கேட்டோம். "அது பெரியவங்க வழக்கம், சேர்" என்றார் ஒருவர். தப்படித்தவர்களுள் ஒருவரின் மகன் நம்மிடம் பத்தாந் தரத்தில் படிக்கிறான். அன்றிரவு கூத்து முடியும்வரை முன்வரிசையில் இருந்தவன், சாப்பாட்டுக்கு மட்டும் வரவில்லை.