சரண்ஜித் சிங்கின் ‘பத்து ராகங்கள்’: டிஸ்கோவுக்கும் ஹவுஸுக்கும் இடையில் ஓர் இசைத்தட்டு

சரண்ஜித் சிங் மும்பை இந்தித் திரையிசையில் நீண்ட காலம் வாத்தியக் கலைஞராக இருந்தவர். ஷங்கர்-ஜெய்கிஷன், ஆர்.டி. பர்மன், லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் முதலியோரின் குழுக்களில் கிட்டாரும் மின்னணு விசைப்பலகையும் வாசித்தார். பாடல்களின் அட்டையில் பெயர் வராத வகையைச் சேர்ந்த கலைஞர். 1982-இல் எச்.எம்.வி. நிறுவனம் அவரது பெயரிலேயே ‘சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டது. அது விற்கவில்லை. 2010-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ‘பாம்பே கனெக்‌ஷன்’ அதை மறுவெளியீடு செய்தபோது ஐரோப்பிய டி.ஜே.க்கள் திகைத்தனர். இது யாரோ செய்த போலி என்றுகூடச் சிலர் சந்தேகித்தனர்.

சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. ‘ஹவுஸ்’ என்பது 1980-களில் சிகாகோ நகர நடன அரங்குகளில் உருவான இசை. ‘வேர்ஹவுஸ்’ என்ற அரங்கில் ஃப்ராங்கி நக்கிள்ஸ் என்ற டி.ஜே. இசைத்தட்டுகளைப் பிணைத்து வாசித்ததிலிருந்தே அந்தப் பெயர் வந்தது என்பர். அதன் ஒரு கிளையான ‘ஆசிட் ஹவுஸ்’, 1987-இல் ஃப்யூச்சர் என்ற குழுவின் ‘ஆசிட் ட்ராக்ஸ்’ வெளியீட்டோடு அடையாளம் பெற்றது. அதன் உயிர்நாடி ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் செய்த டி.பி.-303 என்ற சிறு பேஸ் கருவி. சரண்ஜித் சிங் அதே கருவியை, ரோலண்டின் டி.ஆர்.-808 தாளக் கருவியோடும் ஜூபிடர்-8 விசைப்பலகையோடும் சேர்த்து ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே பயன்படுத்திவிட்டார்.

உடனே ‘ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் இந்தியர்’ என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். நம் ஊடகங்களும் அதை மகிழ்ச்சியோடு திருப்பிச் சொல்லின. எனக்கு இதில் உடன்பாடில்லை. விற்காத ஒரு மும்பை இசைத்தட்டைச் சிகாகோ இளைஞர்கள் கேட்டதற்குச் சான்று எதுவும் இல்லை. முந்திப் பிறந்ததாலேயே ஒன்று மற்றதற்குத் தந்தையாகிவிடாது. இந்தப் பட்டம் இசைத்தட்டுக்கு நன்மையும் செய்யவில்லை; பலர் ஆண்டைப் பார்த்து வியந்துவிட்டு, ராகத்தைக் கேட்காமலே போய்விடுகிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. டிஸ்கோ செய்ய உட்கார்ந்தவருக்கு ஏன் ஹவுஸ் போன்ற ஒன்று வந்து சேர்ந்தது?

அன்றைய டிஸ்கோ பாடல்களில் ஸ்வர அடுக்குகள், அதாவது ‘கார்டு’கள், சில அடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். பேஸும் அவற்றோடு மாறும். ராகத்தில் அந்த வேலையே இல்லை. ஆதார ஷட்ஜம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றுதான். எனவே, ராகத்தை டிஸ்கோ தாளத்தில் வைத்ததும் கார்டுகள் உதிர்ந்துபோயின. மிஞ்சியது சுருதி, விடாத தாளம், திரும்பத் திரும்ப ஓடும் ஒரே பேஸ் கோவை. இதே எலும்புக்கூட்டைத்தான் சிகாகோவினர் பின்னர் வேறு வழியில் வந்தடைந்தார்கள். தீர்க்கதரிசனம் என்று சொல்வதைவிட, ராக இலக்கணத்தின் கட்டுப்பாடு கொண்டு சேர்த்த இடம் இது என்பதே பொருந்தும்.

டி.பி.-303 தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்காரருக்குத் துணையாகச் செய்யப்பட்ட கருவி. 16 படிகள் வரை ஸ்வரங்களை எழுதி வைத்தால் அதுவே வாசிக்கும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதியும் உண்டு. கேட்பதற்கு நம் ஜாரு கமகம் போலவே இருக்கும். ஆனால் வீணைக்காரரின் ஜாரு இடத்துக்கு இடம் நீளும், குறுகும். இந்தக் கருவியின் வழுக்கல் எப்போதும் ஒரே கால அளவுதான்.

16 என்ற எண்ணைக் கண்டதும் இந்துஸ்தானி இசை அறிந்தவர்களுக்குத் தீன்தாலின் 16 மாத்திரைகள் நினைவுக்கு வரும். ஒற்றுமை அத்தோடு முடிகிறது. தீன்தாலில் ஒன்பதாவது மாத்திரையில் ‘காலி’ வரும். அங்கே தபலாவின் இடக்கை ஓய்ந்து, தாளம் மூச்சு வாங்கும். டிஸ்கோவின் ‘தும் தும்’ நான்கு அடியிலும் ஒரே கனத்தில் விழுவதால் அந்த மூச்சு அடைபடுகிறது. இந்த இசைத்தட்டின் பெரிய இழப்பு இதுதான் என்பேன்.

தட்டிலுள்ள பத்து ராகங்களும் ஒரே தரத்தில் அமையவில்லை. பூபாலி (நம் மோகனம்), மால்கௌன்ஸ் (ஹிந்தோளம்), கலாவதி (வலஜி; எங்கள் வாலாஜாபாத்துக்கும் இதற்கும் உறவில்லை), பைராகி (ரேவதி) ஆகிய ஐந்து ஸ்வர ராகங்கள் நன்றாக வந்திருக்கின்றன. அவற்றின் ஸ்வரங்களுக்கு இடையே இடைவெளி அதிகம். அசைவு குறைந்தாலும் ராகம் முகம் இழப்பதில்லை. லலித் எதிர்பாராத வெற்றி. அதன் இரண்டு மத்யமங்களும் அடுத்தடுத்து உரசுவது மின்னணு ஒலியில் இன்னும் கூர்மையாகக் கேட்கிறது. தோடி (நம் சுபபந்துவராளிக்கு நெருங்கியது) மட்டும் தேறவில்லை. அந்த ராகத்தின் காந்தாரம் தன் இடத்திலிருந்து சற்றுத் தாழ்ந்து, அசைந்து நிற்க வேண்டும். விசைப்பலகையின் கட்டையில் அந்த இடம் இல்லை. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தபோது எழுந்த அதே பழைய வழக்கு இது.

சிகாகோவோடு ஒப்பிட்டால் இன்னொரு வேறுபாடும் தெரியும். ‘ஆசிட் ட்ராக்ஸ்’ வெளியீட்டில் பாட்டு என்று தனியாக ஒன்றில்லை. 303-இன் திருகுகளைத் திருகத் திருக ஒலியின் நிறம் மாறுவதே அங்கே இசை. சரண்ஜித் சிங்கிடம் 303 பக்கவாத்தியம் மட்டுமே. மேலே ஜூபிடரில் அவர் கையால் வாசிக்கும் ராகம்தான் முதன்மை. ஒவ்வொரு ராகத்துக்கும் கிடைப்பது ஏறத்தாழ ஐந்து நிமிடம். விரிவான ஆலாபனைக்கு அதில் இடமில்லை. ஆனாலும் வாசிக்கும் விரல்களில் பயிற்சி தெரிகிறது, அவசரம் தெரியவில்லை.

எங்கள் ஊர் வழியாக ஒரகடம் செல்லும் தொழிற்சாலைப் பேருந்துகளில் இன்று ஒலிப்பதும் இதே ‘தும் தும்’ தாளம்தான். ஹவுஸின் உடன்பிறப்பான டெக்னோ இசையே கார் தொழிற்சாலைகளின் நகரமான டெட்ராய்ட்டில் பிறந்தது. இந்தத் தாளம் நம் பிள்ளைகளுக்குப் பழகிய ஒன்று. ஆகவே இசை படிக்கும் மாணவர்கள் முதலில் மோகனத்தின் ஆரோகண அவரோகணத்தைப் பாடிக்கொண்டு, பிறகு இதில் பூபாலியைக் கேட்கலாம். தோடியைக் கடைசியாகக் கேட்கவும்.

மறுவெளியீட்டுக்குப் பின் சரண்ஜித் சிங் எழுபது வயதைத் தாண்டியும் ஐரோப்பிய மேடைகளில் இந்த ராகங்களை வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.