நாகேஷ்னா நாகேஷ்தான்!

சந்திரபாபு, தங்கவேலு, பாலையா என எல்லோர் மேலும் மரியாதை உண்டு. கவுண்டமணிக்கு நான் பரம ரசிகன். ஆனாலும் நாகேஷ் பக்கத்தில் யாரையும் நிறுத்த மனசு வராது. வெறி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் எங்கள் ஈஜிபுரா சந்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும். மேல் வீட்டு அஜ்ஜிக்குக் கன்னடம் மட்டும்தான். ஒரு ஞாயிறு மதியம் எங்கள் வீட்டு டிவியில் ‘காதலிக்க நேரமில்லை’ ஓடிக்கொண்டிருந்தபோது கறிவேப்பிலை கேட்டு வந்தவர், கதவோரமே நின்றுவிட்டார். செல்லப்பாவாக வரும் நாகேஷ், பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி. சத்தம், நடை, திடீர்த் திரும்பல், ஒரு மௌனம், மறுபடி சத்தம். பாலையாவின் முகம் வெளிற வெளிற, அஜ்ஜி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பாஷை ஒரு தடையாகவே இல்லை. யார் இவர் என்று கேட்டார். தாராபுரத்துக்காரர், வீட்டில் கன்னடம் பேசும் குடும்பம் என்றேன். “நம்ம ஹுடுகனா!” (நம்ம பையனா!) என்று உட்கார்ந்தவர் படம் முடிந்துதான் எழுந்தார். கறிவேப்பிலை அங்கேயே கிடந்தது.

1933இல் பிறந்த அந்த ஹுடுகன் அழகன் இல்லை. ஒல்லி உடம்பு, முகமெல்லாம் அம்மைத் தழும்பு. சென்னையில் ரயில்வே குமாஸ்தா உத்தியோகம். மாம்பலத்தில் கவிஞர் வாலியோடு அறை வாசம், அரைப்பட்டினி. ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகச் சில நிமிடம் வந்து துடித்துவிட்டுப் போனதை, தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே பாராட்டினார். 1959இல் ‘தாமரைக்குளம்’. அதற்குப் பிறகும் உடனே ஒன்றும் கொட்டிவிடவில்லை. ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ வந்த பிறகுதான் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

1964 இருக்கிறதே, அது அவருடைய வருஷம்! ஒரு பக்கம் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ செல்லப்பா; இன்னொரு பக்கம் பாலசந்தர் எழுதிய ‘சர்வர் சுந்தரம்’. ஒரே கையில் டம்ளர்களைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டு மேஜைகளுக்கு நடுவே வளைந்து வருவாரே, அதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு வயிற்றில் புளி கரைக்கிறது. அதே சர்வர், தான் காதலிக்கும் பெண் தன்னை நேசிக்கவில்லை என்று புரிந்துகொள்ளும் இடத்தில் நம்மை அழவைத்துவிடுவான். இந்த இரண்டு படங்களும் இந்திக்குப் போனபோது இரண்டிலும் நாகேஷின் வேடத்தைப் போட்டவர் மெஹ்மூத். நல்ல நடிகர்தான். நான் பார்த்தேன். நாகேஷ் இல்லை, அவ்வளவுதான்.

நாகேஷ் முகத்தால் நடிக்கிறார் என்பவர்கள் அவருடைய காலைக் கவனிக்கவில்லை என்பேன். ‘திருவிளையாடல்’ தருமியைப் பாருங்கள். ஆயிரம் பொன் ஆசை ஒரு காலை முன்னே இழுக்கும், பயம் இன்னொரு காலைப் பின்னே இழுக்கும். மண்டபத்தில் தனியாகப் புலம்பும்போது எதிரே ஆளே கிடையாது. ஆனால் ஒரு கூட்டமே நிற்பது போலத் தோன்றும். அந்தக் காட்சியில் ஓரடி கூட வெட்டாதீர்கள் என்று சிவாஜியே சொன்னதாகச் சொல்வார்கள். சிவன் வேடத்தில் எதிரே நின்ற சிவாஜி சொன்னார் என்றால் அதைவிடப் பெரிய விருது எது? ‘தில்லானா மோகனாம்பாள்’ வைத்தியோ வேறு ரகம். நடக்க மாட்டான், ஊர்வான்.

‘எதிர்நீச்சல்’ மாடிப்படி மாதுவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பத்திரிகையில் இடம் போதாது. அதனால் ஒரேயடியாக 1994க்குத் தாவுகிறேன். ‘மகளிர் மட்டும்’ படத்தில் அவர் பிணம். வசனமில்லை, கண்ணசைவில்லை. கை கால் தொங்க, இழுத்த இழுப்புக்கெல்லாம் சரிந்து விழுகிற பிணம். உயிரோடிருக்கும் யாராலும் அப்படி விழ முடியாது! அதே ஆண்டு ‘நம்மவர்’ படத்தில் மகளைப் பறிகொடுத்த தகப்பனாகக் கதறினார். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது வந்தது. நடுவிலே ‘அபூர்வ சகோதரர்கள்’ வில்லன் வேறு. பத்ம விருது மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. 2008இல் ‘தசாவதாரம்’ நடித்து, 2009 ஜனவரி 31 அன்று போய்விட்டார். டெல்லிக்காரர்களுக்கு அவகாசம் இல்லாமலா போயிற்று? வருஷக்கணக்காக இழுபட்ட எங்கள் ஈஜிபுரா மேம்பாலத்துக்காவது 2017இல் தூண் நட ஆரம்பித்தார்கள்.

உங்கள் வீட்டில் நாகேஷைப் பார்க்காத பிள்ளைகள் இருந்தால் இந்த ஞாயிறே உட்கார வையுங்கள். முதலில் செல்லப்பா, அடுத்து தருமி, மூன்றாவதாக மாது. தயவுசெய்து போனில் வேண்டாம், டிவியில் போடுங்கள். கால் தெரியணும்.