காலி ஃப்ரேம்கள்

பாலைவன வானில் ஜெமினிட் விண்கற்கள் கொட்டுகிற படங்களை ரசிக்கிறேன், நம்புவதில்லை. 30 விநாடி எக்ஸ்போஷராக 6 மணி நேரம் எடுத்தால் 720 ஃப்ரேம். பெரும்பாலானவற்றில் வெறும் நட்சத்திரங்கள்தான். விண்கல் சிக்கியவற்றை மட்டும் பொறுக்கி, வானம் சுழன்ற அளவுக்குத் திருப்பி, ஒரே படமாக ஒட்டுகிறார்கள். கோடுகள் எல்லாம் மிதுனத்தில் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும். அந்தக் கணக்கில் தப்பே இல்லை. திசை நிஜம், நேரம்தான் பொய்.

1966 நவம்பர் 17, அரிசோனா. கிட் பீக்கில் லியோனிட் மழையைப் பார்த்தவர்கள் விநாடிக்கு 40 என்றார்கள். அன்றைய ஒற்றை எக்ஸ்போஷர் படங்கள் இன்றைய ஒட்டுப்படங்களுக்குப் பக்கத்தில் சோப்ளாங்கியாகத் தெரிகின்றன. நிஜமாகவே கொட்டித்தீர்த்த இரவு, தூறல் போட்ட இரவிடம் தோற்கிறது. எனக்கு உறுத்துவது இதுதான். அந்தக் காலி ஃப்ரேம்களையும் வரிசையாக வைத்து யாராவது காட்டட்டும், உட்கார்ந்து பார்க்க நான் ரெடி.