தொடர்-தொகுப்பு நிகழ்வுகளும் வட்டாரக் கலைஞர்களும்: மேற்குச் சென்னைப் புறநகரை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

இணையக் கலைக்களஞ்சியத்தில் இடம்பெறாத கலைஞர்களைப் பற்றிப் பலர் ஒன்றுகூடி எழுதும் தொடர்-தொகுப்பு நிகழ்வுகள், எழுதுவோரின் பற்றாக்குறையே இடைவெளிக்குக் காரணம் என்ற கருதுகோளின் மேல் எழுந்தவை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய பகுதிகளின் கூத்து, பம்பை, பறைக் கலைஞர்களைப் பொறுத்தவரை அக்கருதுகோள் பொருந்தாது என்றும், அங்குள்ள பற்றாக்குறை சான்றுகளின் பற்றாக்குறையே என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. அப்பற்றாக்குறையில் தமிழாய்வுலகிற்கும் பங்குண்டு என்பது இதன் துணைமுடிபு.

கருச்சொற்கள்: தமிழ் விக்கிப்பீடியா, தொடர்-தொகுப்பு, குறிப்பிடத்தக்கமை, தகவலாளர், தெருக்கூத்து, தொண்டை மண்டலம்.

முன்னுரை

தமிழில் கலைக்களஞ்சியம் ஆக்கும் முயற்சிக்கு நூறாண்டைக் கடந்த வரலாறு உண்டு. ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910இல் வெளிவந்தது. பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் உருவாக்கிய 'கலைக்களஞ்சியம்' 1954 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்தது. முன்னது தனியொருவரின் உழைப்பு. பின்னது அறிஞர் குழுவின் உழைப்பு. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, யார் எழுதுவது என்ற வினாவிற்கு 'எவரும்' என்று விடை சொன்னது. இ. மயூரநாதன் முதலிய தன்னார்வலர்களின் உழைப்பால் அது 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. எனினும், எவரும் எழுதலாம் என்பது எவரைப் பற்றியும் எழுதலாம் என்று பொருள்படாது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

தொடர்-தொகுப்பின் அடிப்படைக் கருதுகோள்

2011இல் விக்கிமீடியா அறக்கட்டளை நடத்திய கணக்கெடுப்பில், தொகுப்பாளர்களுள் பெண்கள் பத்தில் ஒரு பங்கினைக்கூட எட்டவில்லை என்பது தெரியவந்தது. இந்நிலையை மாற்ற எழுந்த முயற்சிகளுள் பெயர்பெற்றது, 2014 பிப்ரவரியில் நியூயார்க்கில் தொடங்கிய 'ஆர்ட்+ஃபெமினிசம்'. பெண் கலைஞர்களைப் பற்றிய கட்டுரைகளை ஒரே நாளில் பலர் கூடி எழுதுவதும், புதியவர்களுக்குத் தொகுக்கக் கற்பிப்பதும் அதன் வழிமுறை. அருங்காட்சியகங்களும் நூலகங்களும் அதற்கு இடம் தந்தன. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் போன்ற இடத்தில் அமர்ந்து எழுதுபவருக்கு, கண்காட்சிக் கையேடு, விமர்சனக் கட்டுரை, ஏல விவரம் ஆகியன கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. அங்கே இல்லாதிருந்தது எழுதும் கை மட்டுமே. எனவே அவ்வழிமுறை அவ்விடத்திற்குப் பொருந்தியது.

தமிழ்ச் சூழலுக்கு அது வந்தபோது வடிவம் மட்டும் வந்தது. 2018இல் நடந்த வேங்கைத் திட்டம் போன்ற போட்டிகளில் அளவுகோலாக அமைந்தவை கட்டுரைகளின் எண்ணிக்கையும் நீளமும். இத்தகைய அளவுகோல், ஆங்கிலத்தில் ஏற்கெனவே மேற்கோளுடன் உள்ள கட்டுரையை மொழிபெயர்ப்பவருக்குச் சாதகமானது. ஆங்கிலத்தில் கட்டுரை உள்ள கலைஞர் தமிழிலும் கட்டுரை பெறுகிறார். எம்மொழியிலும் கட்டுரை இல்லாதவர் எம்மொழியிலும் இல்லாதவராகவே தொடர்கிறார். எழுதுவோரின் பன்மை கூடுகிறது. எழுதப்படுவோரின் பன்மை கூடுவதில்லை.

மேற்குப் புறநகரும் சான்றுகளின் இயல்பும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆவடியில் ஏறத்தாழ 3.46 லட்சம் பேரும், அம்பத்தூரில் ஏறத்தாழ 4.66 லட்சம் பேரும் வாழ்ந்தனர். இவ்வூர்கள் பொதுப்பதிவில் அறியப்படுவது தொழிற்பேட்டையாலும், கனரக வாகனத் தொழிற்சாலையாலும், 1955இல் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டாலும்தான். பூந்தமல்லி, திருக்கச்சி நம்பியின் ஊர் என்ற வகையில் வைணவ மரபில் இடம்பெறுகிறது. ஆனால் ஆடி மாதத்தில் இப்பகுதியின் அம்மன் கோயில்களில் ஒலிக்கும் பம்பையும் உடுக்கையும், திரௌபதி அம்மன் கோயில் தீமிதியையொட்டி நடக்கும் கூத்தும், இறுதி ஊர்வலத்துக்கும் திருவிழாவுக்கும் அழைக்கப்படும் பறையும் அப்பதிவில் இல்லை.

இக்கலைஞர்களைப் பற்றிய சான்று அறவே இல்லையெனல் பிழை. கோயில் விழா அழைப்பிதழ், சுவரொட்டி, மாவட்டக் கலை மன்றம் வழங்கும் கலை நன்மணி, கலை முதுமணி போன்ற விருதுகளின் சான்றிதழ், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தின் அடையாள அட்டை, நாளிதழ்களின் மாவட்டப் பக்கச் செய்தி என அவை பலவகைப்படும். ஆனால் விக்கிப்பீடியா கேட்பது, கலைஞரிடமிருந்து விலகி நின்று பிறர் எழுதி வெளியிட்ட, எவரும் சரிபார்க்கத்தக்க சான்று. அழைப்பிதழ் விழாக் குழுவினரே அச்சிடுவது. சான்றிதழ் கலைஞரின் பெட்டியில் கிடப்பது. மாவட்டப் பக்கச் செய்தி மறுநாளே பழைய தாளாவது. இவற்றுள் விருதுப் பட்டியலும் நாளிதழ்ச் செய்தியும் மட்டுமே விதிக்கு உட்படக்கூடியவை. அவையும் தேடி எடுக்கப்பட வேண்டியவை.

நிருவாக எல்லைகளும் இச்சிக்கலைப் பெருக்குகின்றன. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. கூத்து ஜமாக்களின் ஆடுகளமோ இவ்வெல்லைகளைப் பொருட்படுத்தாத தொண்டை மண்டலம். மாவட்டவாரியாகப் பகுப்பு அமைக்கும் களஞ்சியத்தில் ஒரே ஜமாவின் வாத்தியாரும் மத்தளக்காரரும் வெவ்வேறு பகுப்புகளில் சிதறுவர்.

இரண்டு ஒப்பீடுகள்

சான்று முந்தினால் கட்டுரை பின்தொடரும் என்பதற்குத் தமிழிலேயே எடுத்துக்காட்டுகள் உள்ளன. ஈழத்துச் சிற்றூர்களின் எழுத்தாளர், கலைஞர் பலர் தமிழ் விக்கிப்பீடியாவில் இடம்பெற்றுள்ளனர். தொடக்ககாலத் தொகுப்பாளர்களுள் ஈழத்தவர் மிகுந்திருந்தமை ஒரு காரணம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஊர்ச் சிறப்பு மலர்களையும் சிற்றிதழ்களையும் மின்வடிவாக்கி எவரும் சுட்டத்தக்க சான்றாக்கியமை மற்றொரு காரணம்.

இரண்டாவது எடுத்துக்காட்டு புரிசை. திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூரின் கண்ணப்பத் தம்பிரான் பெயர் நாடறிந்ததற்கு அவர்தம் கலையே முதற்காரணம். ஆயினும் 1977இல் கூத்துப்பட்டறையை நிறுவிய ந. முத்துசாமி அவரைப் பெயர்சுட்டி எழுதியமையும் இணைக்காரணமாகும். அம்மரபில் வந்த புரிசை கண்ணப்ப சம்பந்தன் 2025இல் பத்மசிறீ விருது பெற்றார். புரிசைக்கு ஒரு முத்துசாமி வாய்த்தார், ஆவடிக்கு வாய்க்கவில்லை. கலைத்தரத்தின் வேறுபாடாக இதனைக் கொள்ளும் களஞ்சியம், எழுதப்பட்டமையைச் சிறப்பென்று மயங்குகிறது.

தமிழாய்வின் பங்கு

இவ்விடத்தில் குற்றத்தை விக்கிப்பீடியாவின் விதிமேல் மட்டும் ஏற்றுவது எளிது, ஆனால் நேர்மையாகாது. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகள் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பெருந்தொகையாக உருவாகியுள்ளன. அவற்றில் கலைஞர் எங்கே இருக்கிறார்? பெரும்பாலும் பின்னிணைப்பில், 'தகவலாளர் பட்டியல்' என்ற தலைப்பின் கீழ், பெயர், வயது, ஊர், சாதி, தொழில் என்ற கட்டங்களுக்குள். ஆய்வேட்டின் உடற்பகுதி கலைவடிவத்தைப் பேசும். அடவு, இசை, ஒப்பனை ஆகியவற்றை வகைப்படுத்தும். அவற்றைச் செய்து காட்டியவர் தரவின் மூலமாக மட்டுமே நிற்பார். ஓவியரையும் கவிஞரையும் ஆக்குநராக எழுதும் ஆய்வுமரபு, கூத்து வாத்தியாரை ஆக்குநராக எழுதுவதில்லை. அதன் விளைவாக, 'தெருக்கூத்து' என்ற கட்டுரைக்கு மேற்கோள் மிகுதி. கூத்தருக்கு மேற்கோள் இல்லை.

வாய்மொழியையே சான்றாகக் கொள்ளலாம் என்ற மாற்று, 2011இல் அச்சல் பிரபாலாவின் 'பீப்பிள் ஆர் நாலெட்ஜ்' ஆவணப்படத்தின் வழி, இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் செய்த சோதனைகளுடன் முன்வைக்கப்பட்டது. அச்சில் இல்லாதது அறிவாகாது என்ற நிலைப்பாட்டை அது சரியாகவே கேள்விக்குள்ளாக்கியது. எனினும் பதிவுசெய்பவரே தொகுப்பவராகவும் இருக்குமிடத்தில், தன் குழுவை உயர்த்தியும் பிற குழுவை விடுத்தும் எழுதுவதைத் தடுக்கும் வழி அதில் இல்லை. வாய்மொழியை வெளியிடப்பட்ட, மதிப்பிடப்பட்ட நேர்காணலாக மாற்றும் இடைநிலை தேவை. அவ்விடைநிலை ஆய்விதழ்களின் பணி.

மாற்று நடைமுறை

மேற்கண்டவற்றால் தொடர்-தொகுப்பின் வரிசைமுறையைத் தலைகீழாக்குதல் வேண்டும் எனலாம். முதற்கட்டம் சான்று தேடல். சட்டப்படி நூல்களும் இதழ்களும் வந்துசேரும் கன்னிமாரா நூலகம், அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் புறநகர் மின்தொடர் வண்டியில் எளிதில் சென்றடையும் தொலைவிலேயே உள்ளது. ஒருநாள் நிகழ்வை அங்கே நடத்தி, பழைய நாளிதழ்களிலிருந்து கலைஞர் செய்திகளுக்கு ஓர் அடைவு உருவாக்குவது, ஐம்பது குறுங்கட்டுரைகளை விடப் பயனுடையது. இரண்டாம் கட்டம், கலைஞருடன் விரிவான நேர்காணல் கண்டு ஆய்விதழில் வெளியிடல். மூன்றாம் கட்டமே கட்டுரையாக்கம். வெற்றியை அளக்கும் அலகு கட்டுரை எண்ணிக்கையாக அன்றி, புதிதாகச் சுட்டத்தக்கதாகிய சான்றுகளின் எண்ணிக்கையாக இருத்தல் நலம்.

கலைஞரின் இசைவும் புறக்கணிக்கத்தக்கதன்று. பறைக் கலைஞர் ஒருவரைப் பற்றிய கட்டுரை, அவர் விரும்பாமலேயே அவரது சாதியை நிலையான பகுப்பாக்கிவிடக்கூடும். போதிய மேற்கோளின்றி அவசரமாக எழுதப்பட்ட கட்டுரை, குறிப்பிடத்தக்கமை இல்லையெனப் பின்னர் நீக்கப்படவும் கூடும். அப்போது தம் பெயரைத் திரையில் கண்டு மகிழ்ந்த கலைஞர், 'குறிப்பிடத்தக்கவர் அல்லர்' என்ற முடிவைப் பொதுவெளியில் எதிர்கொள்கிறார். எழுதப்படாமை ஒரு மறதி. நீக்கப்படுதல் ஒரு தீர்ப்பு. நிகழ்வை நடத்துவோர் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும்.

முடிவுரை

தொடர்-தொகுப்பு நிகழ்வுகள் தமிழில் புதிய தொகுப்பாளர்களை உருவாக்கியுள்ளன, அப்பயன் மறுக்கத்தக்கதன்று. ஆனால் வட்டாரக் கலைஞர்களின் இன்மையை அவை தம்மளவில் நீக்க இயலாது. அவ்வின்மை விக்கிப்பீடியாவில் தோன்றியதன்று. நாளிதழ், பல்கலைக்கழகம், நூலகம் ஆகியவற்றில் தோன்றி அங்கே வெளிப்படுவது. தகவலாளர் பட்டியலில் உள்ள ஒரு பெயரை ஆய்வுக்கட்டுரையின் தலைப்புக்கு உயர்த்தும் ஒவ்வோர் ஆய்வாளரும், எவரோ ஒருவர் பின்னாளில் எழுதப்போகும் களஞ்சியக் கட்டுரைக்கு முதல் மேற்கோளை வழங்குகிறார்.