கடாரமும் பல்துறை ஆராய்ச்சியும்

ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழாசிரியர்களாகிய நம் நெஞ்சில் தோன்றுவது நூலாராய்ச்சியே. பாடல் ஒன்றை எடுத்துக்கொள்வோம்; பாடவேறுபாடு நோக்குவோம்; உரை காண்போம்; காலம் கணிப்போம். இது சிறந்த பணி என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆராய்ச்சியின் முழு வடிவம் இதுவே என்று கொள்ளுதல் பொருந்தாது. மண்ணைத் தோண்டி ஆராய்பவர் உளர். கல்லெழுத்தைப் படிப்பவர் உளர். செங்கல்லின் வயதைக் கருவியால் அளப்பவரும் உளர். ஒவ்வொரு துறைக்கும் தனிச் சான்று உண்டு. தனி அளவுகோல் உண்டு. தனக்கே உரிய பிழையும் உண்டு. இவ்வேற்றுமையை உணராது எழுதப்படும் கட்டுரை, எத்துணைப் பற்றோடு எழுதப்பட்டாலும் நிலைபெறாது.

இந்நாட்டுத் தமிழர்க்கு மிக நெருங்கிய பொருள் ஒன்றைக் கொண்டே இதனை விளக்கலாம். அது கடாரம். நம் பள்ளி மலர்களிலும் மன்ற மேடைகளிலும் கடாரத்தைப் பற்றிய கட்டுரைகளுக்கும் பேச்சுகளுக்கும் குறைவில்லை. பட்டினப்பாலை முதற் சான்று, இராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி இரண்டாம் சான்று, பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில்கள் மூன்றாம் சான்று என்று அடுக்கி, 'ஆதலின் கடாரம் ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழர் ஆண்ட நாடு' என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. இம்மூன்றும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கனவா என்று கேட்பார் அரியர். அதனை இங்கே கேட்போம்.

நூல் கூறுவது

கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் வந்து குவிந்த பண்டங்களை வரிசைப்படுத்தும்போது, காழகத்திலிருந்து வந்தவற்றையும் சேர்த்துச் சொல்கிறார். காழகம் என்பது கடாரமே என்று சொன்னவர் புலவர் அல்லர்; உரையாசிரியர் நச்சினார்க்கினியர். அவர் 14-ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர் என்பர். பாட்டுக்கும் உரைக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்துள்ளன. அந்த இடைக்காலத்தில்தான் சோழர் கப்பல்கள் கீழைக்கடலுக்குச் சென்றன. கடாரம் என்ற பெயர் தமிழகத்தில் புகழ்பெற்றது. ஆகவே, நச்சினார்க்கினியர் காலத்துத் தமிழர் காழகத்தை எவ்வாறு உணர்ந்தனர் என்பதற்கு அவ்வுரை நேரான சான்று. சங்கப் புலவர் எந்த ஊரை எண்ணிப் பாடினார் என்பதற்கோ அது ஒரு வழிகாட்டி மட்டுமே. இவ்வாறு சொல்வது உரையாசிரியரை இழிப்பதாகாது. அவர் சொல்லுக்கு உரிய இடத்தைக் கொடுப்பதாகும்.

சொல்லாராய்ச்சியின் நிலையும் இத்தகையதே. கடாரம் என்பது தமிழில் பெரிய கொப்பரையையும் குறிக்கும். வடமொழிக் 'கடாஹம்' என்பதற்கும் அப்பொருள் உண்டு. வடமொழிக் கதைகளில் கடாஹத் தீவு வருகிறது. அரபு எழுத்தாளர் 'கலா' என்று ஒரு துறைமுகத்தைப் புகழ்கின்றனர். அது கெடாவே என்பார் ஒரு சாரார். அதற்கும் வடக்கே தீபகற்பத்தின் மேலைக் கரையில் உள்ளது என்பார் மற்றொரு சாரார். ஒலி ஒத்திருப்பது ஆராய்ச்சிக்கு வாயில், அதுவே வீடாகிவிடாது.

ஒலிக்குத் துணையாக வேறு செய்தியும் சேரும்போதுதான் முடிவு வலுப்பெறுகிறது. 671-இல் சீனத்திலிருந்து புறப்பட்ட பௌத்தத் துறவி இத்சிங், ஸ்ரீவிஜயத்தில் தங்கி, மலாயு வழியாகச் 'சியே-சா' என்னும் இடத்துக்கு வந்து, அங்கிருந்து வடக்கே பத்து நாள் கடல்வழி சென்று ஆடையின்றி வாழ்ந்த தீவினரைக் கண்டதாக எழுதுகிறார். அத்தீவுகள் நிக்கோபார் என்பர். பெயரின் ஒலியோடு வழியும் நாட்கணக்கும் பொருந்துவதால், 'சியே-சா' கெடா என்பதை அறிஞர் பெரும்பாலும் ஏற்கின்றனர். இங்கே மொழியாராய்ச்சிக்கு நிலநூல் கை கொடுக்கிறது.

கல்லும் செப்பேடும்

இராஜேந்திரனின் படையெடுப்பு 1025-ஐ ஒட்டி நிகழ்ந்தது. அலைகடல் நடுவே பல கப்பல்களைச் செலுத்தியதையும், கடாரத்தரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனை யானைகளோடு கைப்பற்றியதையும், ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தக்கோலம், நக்கவாரம் முதலிய ஊர்களையும் அவன் மெய்க்கீர்த்தி சொல்கிறது. இப்படையெடுப்பை ஐயுற வேண்டியதில்லை. எனினும் மெய்க்கீர்த்தி என்பது வெற்றி பாடும் இலக்கியம், போர்க்கள நாட்குறிப்பன்று. சென்ற கப்பல்கள் எத்தனை, படை தங்கிய காலம் எவ்வளவு, ஆட்சி நிறுவப்பட்டதா என்பவற்றை அது சொல்லவில்லை. சொல்லாததை நாம் நிரப்பிக்கொள்வதற்குக் கல்வெட்டு பொறுப்பாகாது.

மெய்க்கீர்த்தியை மட்டும் படிப்பவர் போரை மட்டுமே காண்பர். லெய்டன் செப்பேடுகளையும் சேர்த்துப் படித்தால் உறவின் மறுபக்கம் தெரியும். கடாரத்தரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எழுப்பினான். அதற்கு இராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். பின்னர் வந்த வீரராஜேந்திரன், கடாரத்தை வென்று, தன்னை வந்தடைந்த அரசனுக்கே அதனைத் திருப்பிக் கொடுத்ததாகக் கூறிக்கொள்கிறான். 1090-இல் குலோத்துங்கனிடம் கடாரத் தூதர் வந்து விகாரத்தின் உரிமைகளை வேண்டிப் பெற்றனர். நட்பு, போர், மீண்டும் நட்பு என்று செல்லும் இவ்வரலாற்றை 'வென்றான், ஆண்டான்' என்ற இரு சொற்களில் அடக்குவது நம் மாணவர்க்குச் செய்யும் அநீதி.

கெடாவுக்கு அருகே, செபராங் பிறையில், 1834-இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த புத்தகுப்தன் கல்லும் ஒரு நல்ல பாடம். அதன் மொழி வடமொழி. எழுத்து 5-ஆம் நூற்றாண்டை ஒட்டிய தென்னாட்டுப் பாணி. நடுவில் பொறித்திருப்பது பௌத்தத் தூபி. கல்லில் பெயர் பொறித்த மாலுமித் தலைவனின் ஊர் 'இரக்தமிருத்திகை', அதாவது செம்மண். எழுத்தை மட்டும் நோக்கித் தென்னாட்டார் என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் வங்காளத்தில் முர்ஷிதாபாத் மாவட்டத்து ராஜபாடிடாங்காவில் 1962-இல் தொடங்கிய அகழ்வில் இரக்தமிருத்திகை விகாரத்தின் பெயர் தாங்கிய முத்திரை கிடைத்தது. அவ்வூரே இவ்வூராயின், வங்காள மாலுமி ஒருவன் தென்னாட்டு எழுத்துப் பாணியில் தன் பெயரை மலாய்க் கரையில் விட்டுச் சென்றிருக்கிறான்! கடல் வாணிகம் எந்த ஓர் இனத்தாரின் தனிச்சொத்தாகவும் இருந்ததில்லை.

மண் கூறுவது

1936-37-இல் குவாரிச் வேல்ஸ் தம் மனைவியார் டோரதியுடன் பூஜாங் பள்ளத்தாக்கில் சுமார் முப்பது இடங்களை ஆராய்ந்தார். அவர் உழைப்பு பெரிது. ஆனால் இந்தியப் பண்பாடு அலையலையாக வந்து கீழை நாடுகளில் பரவியது என்ற கொள்கையை முன்னரே கைக்கொண்டிருந்தார். கண்ட பொருள்களை அந்த அலைகளுக்குள் அடுக்கினார். புக்கிட் பத்து பகாட் கோயிலைப் பல்லவர் காலத்தோடு இணைத்தார். 1959-60-இல் அக்கோயிலைச் செப்பனிட்ட அலஸ்டர் லாம், அதற்கும் பெங்காலான் பூஜாங்கில் கிடைத்த சீனப் பீங்கான், மேலை நாட்டுக் கண்ணாடி முதலியவற்றுக்கும் உள்ள தொடர்பை நோக்கி, கோயில் சில நூற்றாண்டுகள் பிந்தியது எனக் கருதினார். கட்டடப் பாணி ஒரு காலத்தைக் காட்ட, உடைந்த பீங்கான் ஓடு வேறொரு காலத்தைக் காட்டியது. கொள்கையைச் சான்றுக்கு முன் நிறுத்தினால் என்ன நேரும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. வேல்ஸின் முடிவுகளை இன்றும் நம் கட்டுரைகள் சில அப்படியே எடுத்தாள்வதற்குக் காரணம், அவை நம் செவிக்கு இனியன என்பதன்றி வேறில்லை.

பின்னர் நிலவியலாரும் வந்தனர். இன்று வயலுக்கு நடுவே கிடக்கும் பழைய துறைகள் அக்காலத்தில் கடலுக்கு மிக அண்மையில் இருந்தன என்றும், ஆற்று வண்டல் சேர்ந்து கரை விலகிச் சென்றது என்றும் காட்டினர். துறைமுகம் ஏன் இடம் பெயர்ந்தது என்ற கேள்விக்கு எந்தப் பாட்டும் விடை தரவில்லை, சேறு தந்தது.

கருவி கூறுவது

2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் அகழ்ந்து, இரும்பு உருக்கிய உலைகள், காற்றூதிக் குழாய்கள், படித்துறைகள், வட்ட அடித்தளமுடைய செங்கற் கட்டடம் ஆகியவற்றை வெளிக்கொணர்ந்தனர். காலத்தைக் கணிக்க இரு முறைகள் பயன்பட்டன. கரியில் எஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளப்பது ஒன்று. சூளையில் சுடப்பட்ட நாள் முதல் செங்கல்லின் மணல் துகள்களில் தேங்கிய ஆற்றலை ஒளியாக வெளியிடச் செய்து அளப்பது மற்றொன்று. முதலில் கி. பி. தொடக்க நூற்றாண்டுகள் சொல்லப்பட்டன. பின்பு கி. மு. 6-ஆம் நூற்றாண்டு என்றும் அதற்கும் முந்தியது என்றும் கூறப்பட்டது. அயல்நாட்டு அறிஞரும் உள்நாட்டு அறிஞரும் சிலர் இதனை ஏற்கவில்லை.

இங்கும் நம்மவர் இரு வகையாகத் தவறுகின்றனர். கருவி சொன்னது என்பதனாலேயே ஐயமற்றது என்று கொண்டாடுவோர் ஒரு வகை. இலக்கியத்துக்குப் புறம்பானது, நமக்கு எதற்கு என்று ஒதுக்குவோர் மற்றொரு வகை. கரிமக் கணிப்பு தருவது மரம் வளர்ந்த காலத்தை. உலை எரிந்த காலத்தை அன்று. நூறாண்டு நின்ற மரத்தின் உட்பகுதியை எரித்தால், உலைக்கு நூறு வயது கூடிவிடும். கருவி பொய் சொல்வதில்லை. நாம் கேட்காத கேள்விக்கு விடை சொல்கிறது. உரையாசிரியரைப் படிக்கும்போது கொள்ளும் எச்சரிக்கையே இதற்கும் வேண்டும்.

துறைகள் சந்திக்கும் இடம்

இவ்வாறு ஒவ்வொரு துறையும் ஐயத்துக்கு இடமாயின், எதைத்தான் நம்புவது என்று கேட்கலாம். ஒன்றையொன்று சாராத துறைகள் தாமே வந்து ஓரிடத்தில் சந்திக்குமானால், அங்கே உறுதி பிறக்கும். நாகப்பட்டினத்துப் பௌத்தம் அத்தகையது. செப்பேடு விகாரத்தைச் சொல்கிறது. 1856 முதல் நாகையில் மண்ணிலிருந்து கிடைத்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தத் திருமேனிகள் அதனை வலியுறுத்துகின்றன. செப்பேட்டை எழுதியவரும் திருமேனிகளைத் தோண்டியவரும் கலந்து பேசிக்கொண்டவர் அல்லர். அதனால்தான் அச்சான்று வலியது. மாறாக, நச்சினார்க்கினியரை நம்பி ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்தெழுத, அதனை மூன்றாமவர் எடுத்தெழுதினால், சான்று மூன்றாகாது. ஒன்றே மூன்று முறை அச்சாகிறது.

தனிநாயக அடிகளார் 1966-இல் கோலாலம்பூரில் கூட்டிய முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் உட்கருத்தும் இதுவே. வெறும் இலக்கிய விழாவாக அல்லாமல், மொழியியல், வரலாறு, தொல்பொருள் முதலிய பல துறையினர் ஒரு கூரையின்கீழ் இருந்து ஒருவர் கருத்தை மற்றவர் உரசிப் பார்க்கும் களமாக அவர் அதனை அமைத்தார். அம்மாநாட்டின் பெருமையை நாம் அடிக்கடி பேசுகிறோம். அதன் முறையைக் கற்றுக்கொண்டோமா என்பதே கேள்வி.

நெகிரி செம்பிலானில் பணிபுரியும் நமக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. மம்பாவிலிருந்து லிங்கிப் பக்கம் சென்றால் பெங்காலான் கெம்பாஸில் நெடுங்கற்கள் நிற்கின்றன. மலாய் மக்கள் அவற்றை வாள், கரண்டி, சுக்கான் என்று அழைப்பர். ஒரு கல்லில் இறைவனின் அரபுப் பெயர் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளது. அருகில் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அகமது மஜ்னுவின் கல்லறை உள்ளது. தமிழகத்திலும் பெருங்கற்கள் உண்டு, நடுகல் உண்டு. ஆகவே இவை நம்முடையவை என்று சொல்ல நா துடிக்கலாம். கல் நிமிர்ந்து நிற்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. நிமிர்ந்த கல் உலகின் பல நாடுகளில் உண்டு.

ஆசிரியர்க்கு ஒரு முறை கூறி முடிக்கலாம். கடாரப் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் மூன்று பத்தி வரைக. உறுதியானவை, பெரும்பாலும் ஏற்கத்தக்கவை, இன்னும் ஆராயப்படுபவை எனத் தலைப்பிடுக. நாகை விகாரமும் 1025 படையெடுப்பும் முதற் பத்தியில் சேரும். 'சியே-சா' கெடா என்பது இரண்டாவதில் சேரும். காழகமும் சுங்கை பத்துவின் மிகப் பழைய காலமும் மூன்றாவதில் நிற்கட்டும். மூன்றாம் பத்தியைக் கண்டு நம் பிள்ளைகளின் பெருமிதம் குன்றிவிடும் என்று அஞ்ச வேண்டா. நாளை அவர்கள் வேற்றினத்து மாணவரோடு ஒரே பல்கலைக்கழக வகுப்பில் அமரும்போது, மிகைபட அறிந்ததனால் தலைகுனிய நேரலாம். அளந்து அறிந்ததனால் ஒருபோதும் நேராது. அந்த மூன்றாம் பத்தியை நிரப்பப்போகும் தொல்பொருளறிஞரும் வேதியியலாரும் நம் தோட்டப் பள்ளிகளிலிருந்தே வரவேண்டும். வருவதற்கு, அங்கே இடம் காலியாக உள்ளது என்பதை முதலில் நாம் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.