சுழி யாருடையது?

திருச்சியில் கூட்டம் முடிந்து காவிரிப் பாலத்து வழியாக ஸ்ரீரங்கத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். மேடையில் விட்ட சண்டை பாலத்திலும் தொடர்ந்தது. நண்பர் சொன்னார்: "என்ன பெரிய விளிம்பு, தோழர்? வானத்தப் பாருங்க. ஏழு பிராகாரம் மாதிரிதான் எல்லாம். நடுவுல ஒண்ணு படுத்திருக்கு, மத்ததெல்லாம் அதச் சுத்துது." உடனே பதில் வரவில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குக் கோண உந்தம் பள்ளியோடு விட்டுப்போன பாடம். அதன்பின் தேடிப் படித்ததின் விளைவு இக்கட்டுரை.

முதலில் சொல். 'சுழி' தமிழில் பிறப்போடு ஒட்டிய குறி. சந்தையில் மாட்டுக்குச் சுழி சுத்தம் பார்க்கிறோம். பிள்ளையின் தலைச்சுழியை வைத்துக் குணம் சொல்கிறோம். நொடித்துப்போனவனை 'அவன் சுழி அப்பிடி' என்கிறோம். ஒன்றின் சுழற்சி அதன் பிறவியிலேயே இருக்கிறது என்ற கருத்து இச்சொல்லாடலில் புதைந்து கிடக்கிறது. விமர்சகர்களும் இதற்குத் தப்பவில்லை. 'தன் அச்சில் தானே சுழலும் கவிஞர்' என்று ஒருவரைப் பற்றி நானே எழுதியிருக்கிறேன்.

இயற்பியல் இதை ஒப்புக்கொள்வதில்லை. வெளியிலிருந்து ஒரு முறுக்கு விழாமல், கோண உந்தம் இல்லாத ஒன்று தானாக அதைப் பெற முடியாது. சூரியன் நம் பால்வீதியை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இந்தச் சுற்று எங்கிருந்து வந்தது? 1940களின் இறுதியில் ஃபிரெட் ஹாயில் ஒரு விடையை முன்வைத்தார். 1969இல் ஜிம் பீபிள்ஸ் அதைக் கணக்கிட்டுக் காட்டினார். ஆதியில் பொருள் கூடிய திரள்கள் சரியான உருண்டைகளாக இல்லை. பக்கத்துத் திரள்கள் ஒரு முனையைக் கூடுதலாகவும் மறுமுனையைக் குறைவாகவும் இழுத்தன. திரள் முறுகிச் சுழலத் தொடங்கியது; சுருங்கச் சுருங்க வேகம் கூடியது. ஆக, சுழற்சி என்பது அண்டையரோடு நடந்த இழுபறியின் எச்சம். பாலத்துத் தூணோரம் ஆற்றில் விழும் சுழியைத் தண்ணீர் மட்டுமா உண்டாக்குகிறது? தூணும்தான்.

இனி நண்பரின் மையத்துக்கு வருவோம். விண்மீன் மண்டலங்கள் கொத்துக் கொத்தாகவும் வாழ்பவை. ஏறத்தாழ 5.4 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கன்னிக் கொத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உண்டு. அவை ஒரே திசையில் வலம்வருவதில்லை, ஆளுக்கொரு பாதை. கொத்தைக் கட்டிவைத்திருப்பது எல்லாவற்றின் மொத்த எடை. அதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத பொருள். 1933இல் கோமாக் கொத்தின் வேகங்களைப் பார்த்து ஸ்விக்கி இதைச் சொன்னார்.

1980இல் ஆலன் டிரெஸ்லர் 55 கொத்துகளை ஆராய்ந்து, நெரிசல் கூடக்கூடச் சுருள் மண்டலங்கள் குறைந்து நீள்வட்ட மண்டலங்கள் மிகுவதைக் காட்டினார். மெதுவாகச் சுழல்பவை கன்னிக் கொத்தின் நெரிசலான நடுப்பகுதியில் குவிந்திருப்பதை 2011இல் வந்த ஆய்வு கண்டது. நடுவே வீற்றிருக்கும் ராட்சத மண்டலமான எம்87 ஒட்டுமொத்தமாகச் சுழல்வதே இல்லை எனலாம். அதன் விண்மீன்கள் சும்மா நிற்கவில்லை. திசைக்கொன்றாக ஓடி ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன. பிராகாரத்தில் வலம்வரும் கூட்டத்துக்கும் வைகுண்ட ஏகாதசி நெரிசலுக்கும் உள்ள வித்தியாசம் இது. பல மண்டலங்களை விழுங்கி வளர்ந்ததற்கு அது கொடுத்த விலை. பெரியவை ஏன் நடுவில் வந்து சேர்கின்றன? நகரும் பெரிய பொருளின் பின்னால் சிறியவை திரண்டு அதைப் பின்னிழுத்து வேகத்தைக் குறைக்கின்றன. விண்மீன்களுக்காக 1943இல் சந்திரசேகர் போட்ட இந்தக் கணக்கு பின்னர் மண்டலங்களுக்கும் பொருத்தப்பட்டது. அவர், இதே தீவின் திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி.வி. ராமனின் அண்ணன் மகன்.

அப்படியானால் மையம் தோற்றது, விளிம்பு வென்றது என்று அடுத்த கூட்டத்தில் பேசிவிடலாமா? அதுதான் பொறி. விளிம்பிலிருந்து கொத்துக்குள் விழும் சுருள் மண்டலத்தின் வாயுவை, அங்கே நிறைந்திருக்கும் சூடான வாயு உரித்துவிடுகிறது. அதில் புது விண்மீன் பிறப்பது மெல்ல நின்றுபோகிறது. வானம் யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. பெருமாளுக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா அறிவியலை வார இதழ் வாசகரிடம் கொண்டுபோனார். அதில் வியப்புதானே மிஞ்சுகிறது என்று சிறுபத்திரிகைக்காரர்களில் பலர் முகம் சுளித்தோம். சரி, வியப்பைத் தாண்டி நாம் என்ன செய்தோம்? அறிவியலிலிருந்து உவமையை மட்டும் உருவிக்கொண்டோம்.

எடுத்துக்கொள்ள வேறொன்று உண்டு: வாசிக்கும் முறை. இதன் குணம் என்ன என்று கேட்பதை விட்டு, யார் இழுத்து, எந்த மோதலில் இது இப்படி ஆயிற்று என்று கேட்பது. கவிஞரைப் பற்றிய என் வரி தவறு. அவரை முறுக்கிய தெரு, சாதி, அவரோடு சண்டை போட்ட சக கவிஞர்கள் எல்லோரையும் நான் தேடியிருக்க வேண்டும். தேடவில்லை. பிராகாரம் சொன்ன நண்பர் செய்த தவறும் நான் செய்ததும் ஒன்றுதான். இருவரும் சுழியைப் பார்த்தோம், தூணைப் பார்க்கவில்லை.