நோய்ப்படுக்கையருகே இரவு ஜெபம்: திண்டுக்கல் வட்டார மரபுகள்

பகலில் வந்து பார்த்த உறவுகள் கிளம்பிப் போன பிறகுதான் நோயாளிக்கு நோயின் பாரம் தெரியும். காய்ச்சல் ஏறும், வலி பெருகும், விடியல் வெகு தூரத்தில் இருக்கும். திண்டுக்கல் வட்டாரக் கிறிஸ்தவ வீடுகளில் அந்த நேரத்தில் எழும் ஜெபம் ஒரே வகையானதல்ல. கத்தோலிக்கருக்கு ஒரு முறை, தென்னிந்தியத் திருச்சபையாருக்கு ஒன்று, பெந்தெகொஸ்தே சபையாருக்கு வேறொன்று. ஆனால் மூவரும் ஆதாரம் காட்டுவது யாக்கோபு நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தையே. வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்கிறது அது.

இவற்றில் மூத்தது கத்தோலிக்க மரபு. 1866 முதல் 1872 வரை கட்டப்பட்ட சூசையப்பர் ஆலயம், 2003இல் திண்டுக்கல் தனி மறைமாவட்டமானபோது பேராலயமாயிற்று. சூசையப்பர் நல்மரணத்தின் பாதுகாவலர். அதனால் இங்குள்ள பெரியவர்கள் நோயாளிக்காகச் செபிக்கையில் சுகம் கேட்பார்கள். கூடவே, கூச்சமில்லாமல் நல்மரணமும் கேட்பார்கள். கேட்பவருக்குத் திடுக்கென்றிருக்கும். எனக்கு அது நேர்மையாகவே படுகிறது. செபமாலையின் பலமும் இரவில்தான் தெரியும். சொந்தச் சொல் வராத நேரத்துக்கு முன்னோர் கட்டிவைத்த சொல் இருக்கிறது. பாதியை ஒருவர் சொல்ல, மீதியை மற்றவர்கள் சொல்வார்கள். நோயாளிக்குக் குரல் எழாவிட்டால் மணியை உருட்டினாலே போதும்.

முன்பெல்லாம் குருவானவர் எண்ணெயோடு ராத்திரியில் வாசலுக்கு வந்தால் வீடே அழத் தொடங்கிவிடும். அவஸ்தைப்பூசுதல் என்றால் கடைசி நேரம் என்று பொருள். அச்சத்தில் குருவைக் கூப்பிடத் தாமதித்த குடும்பங்கள் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதை மாற்றியது. 1972இல் வந்த புதிய முறைப்படி அது நோயில்பூசுதல்; கடும் நோய் கண்டதுமே பெறலாம், மறுபடியும் பெறலாம். சுகம் கிடைத்தபின் நன்றி செலுத்துவதும் இந்த மரபில் செபத்தின் பகுதியே. கொள்ளைநோய்க் காவலரான செபஸ்தியாருக்கு, திண்டுக்கல்லின் முத்தழகுபட்டியில் ஆடும் கோழியும் நேர்ந்து, அவற்றைச் சமைத்து ஊருக்கே அசனம் போடுகிறார்கள்.

1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷன், பின்னர் திண்டுக்கல்லிலும் வேரூன்றியது. அதன் வழிவந்த சபைகள் 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. இங்கே 91ஆம், 121ஆம் சங்கீதங்களை வாசித்து, ஒரு கீர்த்தனை பாடி, மனதில் எழும் சொல்லால் ஜெபிப்பார்கள். நன்றாக அமைந்தால் இதைப்போல நெருக்கமானது வேறில்லை. அமையாவிட்டால், குடும்பச் செய்திகளையெல்லாம் ஆண்டவருக்குத் தெரிவிக்கும் பிரசங்கமாகிவிடும்.

பெந்தெகொஸ்தே சபையாரின் முழு இரவு ஜெபத்தில் தனிமைக்கே இடமில்லை. கைதட்டல், அந்நிய பாஷை, தலைமேல் கைவைத்து உரத்த மன்றாட்டு. கைவிடப்பட்டதாக நினைத்த மனிதனைப் பத்துப் பேர் சூழ்ந்து நிற்பது சிறிய காரியமல்ல. ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்வதையும், சுகம் வராதபோது விசுவாசம் போதவில்லை என்று நோயாளியையே குற்றவாளியாக்குவதையும் ஏற்க முடியாது. தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டியும் அது நீங்கவில்லை என்று பவுலே எழுதுகிறார். வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கும்படி தீமோத்தேயுவுக்குச் சொன்னவரும் அவர்தான். கத்தோலிக்கர் வேதாகமத்தில் உள்ள சீராக் ஆகமம் 38ஆம் அதிகாரத்தில் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது: ஜெபி, பிறகு மருத்துவனுக்கு இடம் கொடு.

இதை நடைமுறையில் காட்டுவது ஒட்டன்சத்திரம். மருத்துவர்கள் ஏ.கே. தரியனும் ஜேக்கப் செரியனும் 1955இல் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை, விசுவாசத்தையும் மருத்துவத்தையும் ஒரே ஊழியமாகக் கொண்டது.

ஆகவே நோயாளியின் அறைக்கு ஜெபிக்கப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஜெபிக்கலாமா என்று முதலில் அவரையே கேளுங்கள். மருந்து வேளை தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கட்டிலில் இருப்பவர் வேறு மதத்தவராக இருக்கலாம், குரலைத் தாழ்த்துங்கள். சுருக்கமாக முடித்து, அவரைத் தூங்க விடுங்கள்.